கார்னி: நூலாலை வளர்த்த கால்பந்து ஊர்

நியூ ஜெர்ஸி மாநிலத்தின் ஹட்ஸன் மாவட்டத்தில், பஸ்ஸேயிக், ஹாக்கென்ஸாக் என்ற இரண்டு ஆறுகளுக்கு நடுவே உள்ள ஊர் கார்னி. ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படித்தால் 'கியர்னி' என்று வரும். ஊர்க்காரர்கள் 'கார்னி' என்றே சொல்கிறார்கள். 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை 41,999. மன்ஹாட்டனிலிருந்து மேற்கே சுமார் எட்டு மைல் தூரம்.

ஜெர்ஸி நகரத்திலிருந்து நெவார்க் செல்லும் பாத் ரயில் இவ்வூர் எல்லைக்குள் புகுந்துதான் போகிறது. அதில் தினமும் வேலைக்குப் போய்வரும் தமிழர்கள் பலர். ஆனால் ரயில் ஜன்னலில் தெரிவது சதுப்பு நிலமும் சரக்குக் கிடங்குகளும்தான். வீடுகளும் கடைவீதியும் வடமேற்கே மேட்டுப்பகுதியில் இருக்கின்றன. அந்த மேட்டிலிருந்து வந்த மூன்று இளைஞர்கள் 1990, 1994 ஆகிய இரண்டு உலகக் கோப்பைப் போட்டிகளில் அமெரிக்கக் கால்பந்து அணியில் ஒன்றாக ஆடினார்கள். அமெரிக்காவில் கால்பந்தைப் பற்றி எழுதுபவர்கள் கார்னியை 'ஸாக்கர் டவுன்' என்றே குறிப்பிடுவது வழக்கம்.

கூடைப்பந்தும் பேஸ்பாலும் அமெரிக்கக் கால்பந்தும் ஆளும் நாட்டில், ஒரு சிற்றூர் மட்டும் நூறாண்டுகளுக்கு மேல் வேறொரு ஆட்டத்தை எப்படிக் காப்பாற்றி வைத்திருந்தது என்பதே இக்கட்டுரையின் விஷயம். கதை தையல் நூலில் தொடங்குகிறது. அந்த நூலின் இன்னொரு முனை மதுரையிலும் பாபநாசத்திலும் இருக்கிறது.

பெயரும் நிலமும்

அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கின் பக்கம் நின்று போரிட்ட தளபதி ஃபிலிப் கார்னியின் பெயரே ஊருக்கு வைக்கப்பட்டது. அவர் 1847-இல் மெக்ஸிகோ போரில் இடக்கையை இழந்தவர். பிறகும் குதிரையேறிப் படை நடத்தி, 1862 செப்டம்பர் 1 அன்று விர்ஜீனியாவின் ஷாண்டிலி சண்டையில் உயிரிழந்தார். ஐந்தாண்டுகள் கழித்து, 1867-இல், ஹாரிசன் என்ற ஊரிலிருந்து ஒரு பகுதியைப் பிரித்துக் கார்னி உருவாக்கப்பட்டது.

ஊரை மூன்று துண்டுகளாகப் பார்க்கலாம். மேற்கே பஸ்ஸேயிக் ஆற்றை ஒட்டிய மேட்டில் குடியிருப்புகள். இதன் வடபகுதிக்கு ஆர்லிங்டன் என்று பெயர். நடுவில் மெடோலாண்ட்ஸ் எனப்படும் சதுப்பு வெளி. தெற்கே இரண்டு ஆறுகளும் நெருங்கி வரும் முனையில், தொழிற்சாலைகளுக்கென்றே ஒதுங்கிய தெற்குக் கார்னி.

நூல் வந்த வழி

ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரம் தையல் நூலுக்குப் பெயர் பெற்றது. நெப்போலியன் காலத்துப் போர்த் தடைகளால் பட்டு வரவு நின்றபோது, அங்கிருந்த கிளார்க் குடும்பத்தார் பருத்தியில் வழவழப்பான நூல் செய்யக் கற்றார்கள். கோட்ஸ் குடும்பம் அதே ஊரில் அவர்களுக்குப் போட்டி. 1850-களில் தையல் இயந்திரம் பரவியதும் நூலின் தேவை பன்மடங்காகியது. கைத்தையலுக்குப் போதுமாயிருந்த நூல் இயந்திர ஊசியின் வேகத்தில் அறுந்துபோனது. கிளார்க் நிறுவனம் ஆறு இழைகளை முறுக்கிச் செய்த நூலுக்கு 'நமது புதிய நூல்' என்ற பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஓ.என்.டி.' என்று பெயர் வைத்தது.

உள்நாட்டுப் போரின்போது அமெரிக்கா இறக்குமதி வரியை உயர்த்தியது. நூலைக் கப்பலில் அனுப்புவதைவிட ஆலையையே அங்கே கொண்டுபோவது லாபம் என்றாயிற்று. 1860-களில் கிளார்க் நிறுவனம் நெவார்க்கில் ஆலை கட்டியது. 1870-களின் நடுவில் ஆற்றைக் கடந்து கார்னிப் பக்கத்திலும் பெரிய ஆலைகளை எழுப்பியது. ஆயிரக்கணக்கான ஸ்காட்லாந்து, அயர்லாந்துக் குடும்பங்கள் பின்னாலேயே வந்து சேர்ந்தன. 1880-களில் கெர்கால்டி நகரின் நேர்ன் நிறுவனம் தரைவிரிப்பான லினோலியம் செய்யும் ஆலையை இங்கே நிறுவியதும் ஸ்காட்லாந்துக்காரர்களின் வரவு இன்னும் கூடியது. கடைவீதியில் அவர்கள் ஊர் இறைச்சிப் பணியாரங்களும் மீன் வறுவலும் விற்கும் கடைகள் தோன்றின.

இதே காலத்தில் ஹார்வி சகோதரர்கள் என்ற வேறு ஸ்காட்லாந்துக்காரர்கள் திருநெல்வேலிச் சீமைக்கு வந்திருந்தார்கள். தாமிரபரணி அருவியின் நீர்விசையை நம்பிப் பாபநாசத்துக்கு அருகே விக்கிரமசிங்கபுரத்தில் ஒரு நூற்பாலை, பிறகு தூத்துக்குடியில் ஒன்று, அதன் பிறகு மதுரையில் ஒன்று. மதுரைக்காரர்கள் இன்றும் 'ஹார்வி மில்' என்று சொல்வது இதைத்தான். பெய்ஸ்லியில் 1896-இல் கோட்ஸும் கிளார்க்கும் ஒன்றாயின. 1974-இல் மதுரை ஆலைகளும் கோட்ஸும் இணைந்து மதுரா கோட்ஸ் ஆயின. நம்மூர்த் தையற்காரரின் மேசையில் இருந்த நூற்கண்டும் கார்னி ஆலையில் சுற்றப்பட்ட நூற்கண்டும் இப்படித்தான் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை ஆகின்றன.

ஓ.என்.டி. கழகம்

ஆலைத் தொழிலாளர்களுக்கென்று கிளார்க் நிறுவனத்தின் ஆதரவில் ஒரு கால்பந்துக் கழகம் அமைந்தது. நூலின் பெயரே கழகத்துக்கும் வைக்கப்பட்டது: ஓ.என்.டி. 1884-இல் நெவார்க்கில் அமெரிக்கக் கால்பந்துச் சங்கம் அமைக்கப்பட்டு, மறு ஆண்டு முதல் 'அமெரிக்கக் கோப்பை' போட்டி நடந்தது. 1885, 1886, 1887 என்று முதல் மூன்று ஆண்டுகளும் ஓ.என்.டி.யே வென்றது. பிந்திய இரண்டு இறுதி ஆட்டங்களிலும் தோற்ற அணி கார்னி ரேஞ்சர்ஸ். ஒரு நாட்டின் கோப்பை இறுதியில் ஒரே வட்டாரத்தின் இரண்டு அணிகள் மோதியிருக்கின்றன.

1885 நவம்பர் 28 அன்று, நெவார்க்கை அடுத்த இந்தக் கழகத்தின் திடலில் அமெரிக்க அணி என்ற பெயரில் ஓர் அணி கனடாவை எதிர்த்து ஆடியது. கனடா 1-0 என வென்றது. மறு ஆண்டு அதே வட்டாரத்தில் நடந்த ஆட்டத்தில் அமெரிக்கா 3-2 என வென்றது. இவை அதிகாரபூர்வக் கணக்கில் சேர்வதில்லை. ஆயினும் பிரித்தானியத் தீவுகளுக்கு வெளியே நாட்டின் பெயரால் நடந்த முதல் கால்பந்து ஆட்டம் என்று 1885 ஆட்டத்தைச் சொல்வார்கள். உலகின் முதல் அதிகாரபூர்வ ஆட்டம் 1872-இல் கிளாஸ்கோவில் நடந்து பதின்மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன என்பது கவனிக்கத்தக்கது. அமெரிக்க அணியில் பெரும்பாலோர் இந்த ஆற்றங்கரைக் கழகங்களைச் சேர்ந்தவர்கள்.

ஆலையின் தயவில் நடக்கும் கழகத்துக்கு ஆலையின் கதியே கதி. 1890 டிசம்பரில் கிளார்க் ஆலைகளின் நூற்பாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அது மறு ஆண்டு வரை நீடித்தது. 1890-களில் நாடெங்கும் பொருளாதார மந்தம். 1899-க்குப் பிறகு அமெரிக்கக் கோப்பைப் போட்டியே நின்றுபோய், 1906-இல்தான் மறுபடி நடந்தது. ஓ.என்.டி. வரலாற்றிலிருந்து மறைந்தது. கார்னியில் ஆட்டம் மறையவில்லை. அதைத் தாங்கிப் பிடித்தவை தொழிலாளர்கள் தாங்களே நடத்திய கழகங்கள்.

ஸ்காட்ஸும் ஐரிஷும்

அவற்றில் முதன்மையானது கார்னி ஸ்காட்ஸ். ஸ்காட்ஸ்-அமெரிக்கன்ஸ் என்றும் அழைக்கப்பட்ட இந்த அணி 1915-இல் அமெரிக்கக் கோப்பையை வென்றது. அப்போது அணியில் இருந்தவர் ஆர்ச்சி ஸ்டார்க். 1897-இல் கிளாஸ்கோவில் பிறந்து சிறுவயதில் இங்கே வந்தவர். பின்னாளில் பென்ஸில்வேனியாவின் பெத்லஹெம் ஸ்டீல் அணிக்காக 1924-25 பருவத்தில் மட்டும் லீக் ஆட்டங்களில் 67 கோல் அடித்தார். உலகக் கால்பந்து வரலாற்றிலேயே இதற்கு இணையான கணக்குகள் சிலவே. எங்கெங்கோ ஆடிய பின்னும் ஸ்டார்க் 1985-இல் காலமானது கார்னியில்தான்.

1930-களில் அமெரிக்கா பொருளாதாரப் பெருமந்தத்தில் கிடந்தது. பெரும் பணத்தில் நடந்த கால்பந்து லீக் சரிந்து, அதன் இடத்தில் சிறு கழகங்களின் லீக் எழுந்தது. இது கார்னியின் காலம். 1934-இல் கார்னி ஐரிஷ் வாகை சூடியது. 1937 முதல் 1941 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் கார்னி ஸ்காட்ஸ் வாகை சூடியது. ஆட்டக்காரர்களுக்குப் பந்து தொழில் அல்ல. வாரம் முழுவதும் ஆலையிலோ கப்பல் துறையிலோ வேலை, ஞாயிற்றுக்கிழமை ஆட்டம்.

ஒரே தெருவில் ஸ்காட்லாந்துக்காரர்களும் ஐரிஷ்காரர்களும் தனித்தனிக் கழகம் வைத்திருந்தார்கள் என்பதில் நமக்கு வியப்பு ஏதும் இருக்கப் போவதில்லை. அவர்களுக்கும் அது பழைய ஊரிலிருந்து கப்பலேறி வந்த பிரிவினை; சமயமும் அதில் கலந்திருந்தது. ஆனால் போட்டிக்கு எதிரணி வேண்டும். ஒருவரை ஒருவர் தோற்கடிக்கும் ஆசையே இரு தரப்பையும் கூர்மையாக வைத்திருந்தது.

அண்டை ஊர்கள்

கார்னி, ஹாரிசன், ஈஸ்ட் நெவார்க் மூன்றையும் சேர்த்து 'மேற்கு ஹட்ஸன்' என்பார்கள். எது எங்கே முடிகிறது என்று வெளியூர்க்காரருக்குத் தெரியாது. கால்பந்தைப் பொறுத்தவரை மூன்றும் ஒரே ஊர்தான்.

ஈஸ்ட் நெவார்க் மிகச் சிறியது. சதுர மைலில் பத்தில் ஒரு பங்கு. 2020-இல் மக்கள் தொகை 2,594. 1895-இல் தனி ஊராட்சியானது. கிளார்க் ஆலையின் செங்கற் கட்டடங்கள் இங்கே இன்னும் நிற்கின்றன. அவை தேசிய வரலாற்றுச் சின்னங்களின் பதிவேட்டில் இடம் பெற்றவை.

ஹாரிசன் கார்னியின் தாய் ஊர். ஒரு காலத்தில் தேன்கூடு போலத் தொழிற்சாலைகள் மொய்த்த இடம். அவை போன பிறகு வெறிச்சோடிய ஆற்றங்கரையில் 2010-இல் 25,000 பேர் அமரும் கால்பந்து அரங்கம் திறக்கப்பட்டது. நியூ யார்க் ரெட் புல்ஸ் அணியின் களம் இது. ரெட் புல் அரீனா என்று பதினான்கு ஆண்டுகள் அழைக்கப்பட்டு, 2024 டிசம்பரில் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் ஸ்டேடியம் எனப் பெயர் மாறியது. வடக்கே, அதே சதுப்பு வெளியில், ஈஸ்ட் ரதர்ஃபோர்டில் மெட்லைஃப் ஸ்டேடியம். 2026 உலகக் கோப்பையின் இறுதி ஆட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட அரங்கம் அதுவே. ஓ.என்.டி. ஆடிய திடலிலிருந்து சில மைல் தூரம்தான்.

ஆலைகள் போன பிறகு

இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் கார்னிக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. 1917-இல் தெற்குக் கார்னியில் ஃபெடரல் கப்பல் கட்டும் தளம் தொடங்கியது. நாசகாரிக் கப்பல்களைக் கட்டுவதில் இரண்டாம் உலகப்போரின்போது நாட்டிலேயே முன்னணியில் இருந்த தளங்களில் அது ஒன்று. 1942-இல் மூழ்கியபோது சல்லிவன் குடும்பத்தின் ஐந்து சகோதரர்களையும் பலி கொண்ட ஜூனோ கப்பல் இங்கே கட்டப்பட்டதே. வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் தொலைபேசிக் கருவித் தொழிற்சாலையும் இருந்தது.

பிறகு ஒவ்வொன்றாக மூடின. கப்பல் தளம் 1940-களின் இறுதியில் நின்றது. நூலாலை, கூலி மலிவான தென் மாநிலங்களுக்குப் போனது. லினோலியம் போனது. 1980-களில் தொலைபேசித் தொழிற்சாலையும் போனது. ஸ்காட்லாந்துக்காரர்களின் பேரப்பிள்ளைகள் படித்து வேறு ஊர்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். அவர்கள் விட்ட வீடுகளில் போர்ச்சுக்கல், பிரேஸில், பெரு, ஈக்வடார் நாட்டவர் குடியேறினார்கள். 2010 கணக்கெடுப்பில் ஊரில் ஐந்தில் இருவர் ஸ்பானியப் பின்னணியினர்.

இப்படியொரு நிலையில் வந்தேறிகளின் கழகம் பெரும்பாலும் முதியவர்கள் சீட்டாடும் இடமாகிச் சாகும். அமெரிக்க நகரங்களில் அப்படிச் செத்த ஜெர்மன் பாட்டுக் கழகங்களும் போலிஷ் மன்றங்களும் ஏராளம். கார்னியில் நடந்தது வேறு.

மூன்று பையன்கள்

ஜான் ஹார்க்ஸ் 1967-இல் கார்னியில் பிறந்தவர். தந்தை ஸ்காட்லாந்தின் டண்டீயிலிருந்து வந்தவர். டாப் ராமோஸ் 1966-இல் உருகுவேயின் மொண்டேவிடேயோவில் பிறந்து, பதினொரு வயதில் பெற்றோருடன் இந்த வட்டாரத்துக்கு வந்தவர். டோனி மியோலா 1969-இல் பிறந்தவர். பெற்றோர் இத்தாலியிலிருந்து வந்தவர்கள். மூவரும் சிறுவர்களாக ஆடிய இளைஞர் கழகத்தின் பெயர் திஸில். திஸில் என்பது முட்செடியொன்றின் ஊதா நிறப் பூ. ஸ்காட்லாந்தின் தேசியச் சின்னம். அந்தப் பெயர் தாங்கிய கழகத்தின் சட்டையை ஓர் உருகுவேப் பையனும் இத்தாலியர் மகனும் அணிந்திருந்தார்கள்.

கார்னிக் கால்பந்தின் இரகசியம் என்று ஒன்று இருந்தால் அது இதுதான் என்பது என் எண்ணம். கழகம் தன் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. பூவை எடுத்துவிட்டு வேறு பொதுச் சின்னம் வைக்கவில்லை. அதே சமயம் வாசலில் நின்று யார் மகன் என்று கேட்கவும் இல்லை. பந்து ஆடத் தெரிந்தால் உள்ளே வரலாம்.

அமெரிக்கா 1950-க்குப் பிறகு நாற்பது ஆண்டுகள் உலகக் கோப்பையை எட்டிப் பார்க்கவில்லை. 1989 நவம்பர் 19 அன்று டிரினிடாடில் 1-0 என வென்று 1990 போட்டிக்குத் தகுதி பெற்றபோது, களத்தில் இறங்கிய பதினொருவரில் மூவர் இவர்கள். 1994-இல் போட்டி அமெரிக்காவிலேயே நடந்தது. கொலம்பியாவை அமெரிக்கா 2-1 என வீழ்த்திய ஆட்டத்தில் முதல் கோல், ஹார்க்ஸ் அடித்த பந்தைத் தடுக்கப்போய் ஆந்த்ரேஸ் எஸ்கோபார் தன் வலைக்குள்ளேயே தட்டிவிட்டது. இரண்டாவது, ராமோஸ் கொடுத்த பந்தில் எர்னி ஸ்டூவர்ட் அடித்தது. ஊர் திரும்பிய எஸ்கோபார் பத்து நாட்களில் சுட்டுக் கொல்லப்பட்டார். விளையாட்டு வரலாற்றின் துயரமான பக்கங்களில் ஒன்று அது. ஜூலை 4 அன்று பே ஏரியாவின் ஸ்டான்ஃபோர்ட் அரங்கில் பிரேஸிலிடம் அமெரிக்கா 0-1 எனத் தோற்றது. பிரேஸில் வீரர் லியனார்டோவின் முழங்கை பட்டு ராமோஸின் மண்டையோட்டில் விரிசல் விழுந்ததும் அந்த ஆட்டத்தில்தான்.

ஹார்க்ஸ் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு வென்ஸ்டே அணியில் ஆடி, பிரீமியர் லீகில் ஆடிய முதல் அமெரிக்கர் எனப் பெயர் பெற்றார். எம்.எல்.எஸ். லீக் தொடங்கியபோது ஒப்பந்தம் செய்யப்பட்ட முதல் ஆட்டக்காரர் ராமோஸ். பின்னர் நாட்டின் இருபது வயதுக்குட்பட்டோர் அணிக்கும், டெக்ஸஸின் ஹூஸ்டன் டைனமோ அணிக்கும் பயிற்சியாளராக இருந்தார்.

நமக்கு இதில் என்ன?

2024 ஜூன் 6 அன்று டெக்ஸஸின் கிராண்ட் பிரெய்ரி அரங்கில் அமெரிக்கக் கிரிக்கெட் அணி பாகிஸ்தானை உலகக் கோப்பை டி20 ஆட்டத்தில் வென்றது. வெற்றியைத் தீர்மானித்த கடைசி ஓவரை வீசிய சௌரப் நேத்ராவல்கர் மும்பையில் பிறந்தவர். அப்போது ஆரக்கிள் நிறுவனத்தில் மென்பொருள் பொறியாளர். ஓராண்டு முன்னர் தொடங்கியிருந்த மேஜர் லீக் கிரிக்கெட்டில் டெக்ஸஸ் சூப்பர் கிங்ஸ் என்ற அணியே உண்டு; மஞ்சள் சட்டையைப் பார்த்தாலே அது சென்னையின் உறவு என்று தெரியும்.

வேலைக்காக வந்தவர்கள், ஓய்வுநாளில் தங்கள் ஊர் ஆட்டத்தை ஆடி, புதிய நாட்டின் சட்டையை அணிந்து வெல்கிறார்கள். 1886-இல் கனடாவை வென்ற நூலாலைக்காரர்களின் படம்தான் இது. அமெரிக்கக் கிரிக்கெட் இன்னும் ஓ.என்.டி. காலத்தில் நிற்கிறது எனலாம். ஓ.என்.டி. மட்டும் இருந்திருந்தால் கார்னியை இன்று யாரும் நினைக்க மாட்டார்கள். ஆலைக்குப் பின்னும் இருந்த கழகங்களும், அவற்றின் திடலில் ஆடிய அடுத்த வீட்டுப் பிள்ளைகளுமே அவ்வூருக்குப் பெயர் தந்தவர்கள்.

நம் சங்கங்களும் தமிழ்ப் பள்ளிகளும் விளையாட்டுக் குழுக்களும் மென்பொருள் வேலை என்ற ஓர் ஆலையை ஒட்டி எழுந்தவை. டொராண்டோவிலும் லண்டனிலும் யாழ்ப்பாணத்து ஊர்ப் பெயர்களில் விளையாட்டுக் கழகங்கள் நடத்துகிறவர்களுக்கு ஒட்டிக்கொள்ள ஊர் நினைவு இருக்கிறது. ஆனால் நினைவு முதல் தலைமுறையோடு மெலிந்துவிடும். அதன் பிறகு, பெயரை விட்டுக்கொடுத்தால் கழகம் யாருடையதும் அல்ல என்றாகிவிடும். கதவை மூடினால் ஆடுவதற்குப் பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். திஸில் பூவைச் சட்டையில் வைத்துக்கொண்டே உருகுவேப் பையனைச் சேர்த்துக்கொண்டது கார்னி.

எடிசனிலோ ஐர்விங்கிலோ ஃப்ரீமாண்டிலோ அடுத்த முறை சங்கத்தின் விளையாட்டு விழாவுக்குப் பெயர்ப் பட்டியல் தயாரிக்கும்போது, எதிர்வீட்டுக் குஜராத்திப் பெண்ணையும் மெக்ஸிகோக்காரர் மகனையும் எந்த அணியில் சேர்க்கலாம் என்று ஒரு கணம் யோசித்துப் பார்க்கலாம். அணியின் பெயர் சோழர், பாண்டியர் என்றே இருக்கட்டும்.